சுமோவும் பிக்கப்பும்

புளி உலுக்கி, ஓடு தட்டி, மூட்டை கட்டி கீழ இறக்குறதுக்குள்ள ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. அதனால எதுவும் எழுத முடியல. இப்போ உட்கார்ந்ததுக்குக் காரணம் எங்க வீட்டுல நடக்குற ஒரு வழக்கு. வாசல்ல ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணு 2001 மாடல் டாடா சுமோ. இன்னொண்ணு பெரியவன் 2021-ல கடன் போட்டு எடுத்த பொலேரோ பிக்கப். சுமோவோட ஆர்.சி. இந்த வருஷத்தோட முடியுது. புதுப்பிக்கணுமா, வித்துடணுமா? இதுதான் வழக்கு. தினமும் ராத்திரி சோறு திங்கும்போது ஒரு வாய்தா.

போன தடவை, 2021-ல, புதுப்பிக்க 600 ரூபாய்தான் கட்டினேன். 2022 ஏப்ரல்ல அது 5,000 ஆச்சு. போன வருஷம் ஆகஸ்ட்ல இருபது வருஷம் தாண்டின காருக்கு 10,000-ன்னு ஆக்கிட்டாங்க. அதுக்கு மேல பசுமை வரி, இன்சூரன்ஸ். அடித்தளம் துரு பிடிச்சு ரெண்டு இடத்துல ரோடு தெரியுது. வெல்டிங், டயர், டை ராடு, பிரேக் எல்லாம் சேர்த்து 38,000 ஆகும்னு மெக்கானிக் சொல்றார். வண்டியை அப்படியே வித்தா 60,000 தர்றதுக்கு ஒருத்தர் செங்கத்துலேர்ந்து வந்து பார்த்துட்டுப் போயிருக்கார். கணக்குன்னு பார்த்தா பையன் பக்கம்தான் நியாயம் இருக்கு. அதை முதல்லயே ஒத்துக்கறேன்.

சுமோவை நான் 2007-ல வாங்கினேன். திருவண்ணாமலையில ஒரு டிராவல்ஸ்காரர் வச்சிருந்த வண்டி. அப்போ எங்க பக்கம் கமாண்டர் ஜீப்பும் டிராக்ஸும்தான் ஓடும். சுமோ வச்சிருந்தா பெரிய ஆளுன்னு அர்த்தம். நான் பெரிய ஆளு இல்ல. மூணு ஏக்கர் சாமை, பதினாலு புளியமரம், எட்டு பலாமரம். ரெண்டு மாடு வித்து, கூட்டுறவுல நகை வச்சு வாங்கினேன்.

சுமோங்கற பேரு ஜப்பான் மல்யுத்தக்காரங்களைப் பார்த்து வச்சதுன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அது டெல்கோ கம்பெனியை நடத்தின சுமந்த் மூல்காவ்கர் பேரோட முதல் எழுத்துங்க. 1994-ல வந்து 2019-ல நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி 1992-ல டாடா எஸ்டேட்னு ஒரு நீட்டு வண்டி வந்துச்சு. வெளிநாட்டுல ஸ்டேஷன் வேகன்னு சொல்ற சாதி அதுதான். ரயில் ஸ்டேஷன்ல இறங்குற ஆளையும் பெட்டியையும் ஒண்ணா ஏத்திட்டு வர்றதுக்குன்னு உண்டான வண்டி. அந்த எஸ்டேட் எங்க மலைக்கு வந்து நான் பார்த்ததில்ல. எங்களுக்கு ஸ்டேஷன் வேகன் சுமோதான்.

முன்னாடி ரெண்டு சீட்டு, நடுவுல ஒரு பெஞ்சு, பின்னாடி எதிரும் புதிருமா ரெண்டு பலகை சீட்டு. பத்து பேர் உட்காரலாம். பின்சீட்டைத் தூக்கி மடிச்சா ஆறு மூட்டை சாமை உள்ள போகும். மேல கேரியர்ல நாலு மூட்டை. நடு பெஞ்சுல சம்சாரமும் பிள்ளைங்களும். அப்படித்தான் பதினாலு வருஷம் போளூர் சந்தைக்குப் போய் வந்தோம். மூட்டைக்கு மேல கோழிக்கூடை, கூடைக்கு மேல பையனோட ஸ்கூல் டிரங்கு பெட்டி. திங்கக்கிழமை காலையில உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போற பிள்ளைங்க ஏழெட்டுப் பேரும் இதுலதான் ஏறும். எனக்கு வழியில ஒரு டீ வாங்கிக் கொடுப்பாங்க அவங்க அப்பாமாருங்க. டீசல் காசுன்னு கொடுத்தா சில நாள் வாங்கியும் இருக்கேன். வெள்ளை போர்டு வண்டியில அது தப்புன்னு தெரியும். வாங்கியிருக்கேன், அவ்ளோதான்.

2009 ஐப்பசி மழையில ஒரு ராத்திரி. 108 வண்டி தமிழ்நாட்டுல 2008-லேயே வந்துட்டாலும், எங்க ஊர்ல அப்போ போன் சிக்னல் கிடையாது, தார் ரோட்டுக்கு மூணு கிலோமீட்டர் செம்மண் பாதை. பக்கத்து வீட்டு மருமகளுக்கு வலி எடுத்துடுச்சு. நடு பெஞ்சுல அவளைப் படுக்க வச்சு, தலைமாட்டுல மாமியார், பின்னாடி மருத்துவம் பார்க்கிற பாட்டி ஒருத்தி, வண்டி மாட்டிக்கிட்டா தள்றதுக்கு மூணு ஆம்பளைங்க. ரெண்டு இடத்துல தள்ளினாங்க. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குள்ள போய் அரை மணி நேரத்துல பிரசவம். அந்தப் பொண்ணு இப்போ பதினொண்ணாவது படிக்குது. என்னைப் பார்த்தா "சுமோ தாத்தா"ன்னு கூப்பிடும். எனக்கு அப்போ வயசு நாப்பதுகூட ஆகல, இப்பவும் தாத்தான்னா கோவம் வருது, அது வேற கதை.

இப்போ பிக்கப் கதைக்கு வர்றேன். அதைக் குறைச்சுச் சொன்னா என் நாக்கு அழுகிடும். ஏன்னா இந்த அஞ்சு வருஷத்துல எங்க கையில நாலு காசு நின்னதுக்குக் காரணம் அந்த வண்டிதான்.

சுமோ காலத்துல புளிக்கு வியாபாரி மேல வருவார். லாரியை ரோட்டுல நிறுத்திட்டு, ஒரு கை அள்ளி, ஓடு ஜாஸ்தி, ஈரம் ஜாஸ்தின்னு சொல்லி விலை சொல்வார். சுமோவுல பத்து மூட்டை இறக்கிட்டுப் போய் வேற விலை கேட்கலாம்தான். ஆனா அறுபது மூட்டைக்கு ஆறு நடை. போளூர் நாப்பது கிலோமீட்டர் சுமார். டீசலே தின்னுடும். அதனால அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டுவோம். பலாப்பழம் இன்னும் மோசம். பழுத்தா ரெண்டு நாள். பேரம் பேச நேரமே இருக்காது.

பிக்கப் 1,300 கிலோ ஏத்தலாம்னு புத்தகத்துலயே போட்டிருக்கான். வந்த முதல் வருஷம் பையன் புளியை ஏத்திக்கிட்டு போளூர்ல விலை கேட்டான், பிடிக்கல. தார்ப்பாயைக் கூட அவிழ்க்காம நேரா திருவண்ணாமலை போனான். கிலோவுக்கு நாலு ரூபாய் கூட. அந்த நாலு ரூபாய்ல தவணை ரெண்டு மாசத்துக்குக் கட்டியாச்சு. அதுக்கப்புறம் மேல வர்ற வியாபாரி எங்க வீட்டு வாசல்ல மட்டும் கொஞ்சம் மரியாதையா பேச ஆரம்பிச்சார். "நீங்கதான் வண்டி வச்சிருக்கீங்களே"ன்னு ஒரு இழுப்பு இழுப்பார். அக்கம்பக்கத்துச் சரக்கும் எங்க வண்டியில சேர்ந்து போக ஆரம்பிச்சுது.

ஓட்டுறதுல ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கிறவங்க நிறைய. சுமோவுக்கு 1948 சி.சி. எஞ்சின், டர்போ கிடையாது. லோடோட ஏத்தத்துல ரெண்டாம் கியரை விட்டு மேல போகாது. சூடு முள்ளைப் பார்த்துக்கிட்டே ஓட்டணும், கேன்ல தண்ணி இல்லாம கிளம்பக்கூடாது. பிக்கப்புக்கு 2523 சி.சி., காமன் ரயில். அதே லோடோட மூணாம் கியர்ல முனகாம ஏறும். இறங்கும்போது ரெண்டுக்கும் ஒரே சட்டம்: எந்தக் கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்குறவன் வண்டி நாலாவது வளைவுல லைனர் கருகுற நாத்தம் அடிக்கும். டூரிஸ்ட் வண்டிங்க பீமன் நீர்வீழ்ச்சி பார்த்துட்டு இறங்கும்போது அந்த நாத்தம் எங்க காட்டு வரைக்கும் வரும்.

ஆனா பிக்கப்பை வெறுசா ஓட்டும்போதுதான் பயம். பின்பக்கம் பட்டை பட்டையா ஸ்பிரிங், ஆயிரத்து முன்னூறு கிலோவைத் தாங்குறதுக்குச் செஞ்சது. மேல ஒண்ணுமே இல்லன்னா அது வளையாது, குதிக்கும். மழையில, செம்மண் வழிஞ்ச தார் ரோட்டுல, பின் டயர் பக்கவாட்டுல இழுக்கும். நாங்க பின் அச்சுக்கு மேல ரெண்டு மணல் மூட்டை எப்பவும் போட்டு வச்சிருக்கோம். சுமோவுக்கும் பின்னாடி பட்டை ஸ்பிரிங்தான். ஆனா அதுல உடம்பு கனம் எப்பவும் கூடவே இருக்கு, அந்த ஆட்டம் இல்ல.

ரிப்பேர்? சுமோவை எங்க ஊர் சைக்கிள் கடைக்காரர்கூடப் பிரிச்சு மாட்டிடுவார். பிக்கப் பி.எஸ். 6 வண்டி. 2020 ஏப்ரல்லேர்ந்து அதுதான் சட்டம். போன வருஷம் ஆனி மாசம் பலாப்பழம் ஏத்தி நிக்குது, எஞ்சின் லைட் எரியுது, வண்டி நடக்கற வேகத்துக்கு மேல போகல. கீழேர்ந்து ஆள் வந்து மெஷினை மாட்டிப் பார்த்தா எலி ஒரு வயரைக் கடிச்சிருக்கு. எலிதான், வேற யார் மேலயும் குத்தமில்ல. ஆனா ரெண்டு நாள் போச்சு. நாப்பது பழம் வெடிச்சு மாட்டுக்குப் போட்டோம். மாடுங்களுக்குக் கொண்டாட்டம்.

இதெல்லாம் வண்டிக்கு வண்டி இருக்கிற விஷயம். எங்க வீட்டு வழக்கு இதுல இல்ல. வழக்கு ஆளுங்களைப் பத்தினது.

பிக்கப்புல டிரைவர் போக ஒருத்தர் உட்காரலாம், நெருக்கினா ரெண்டு பேர். மலையில அப்படி ஓட்டினா யார் ஒத்துக்குவாங்க? பின்னாடிதான் அவ்ளோ இடம் இருக்கே. கல்யாணம், சாவு, காதுகுத்து, திருவிழா எல்லாத்துக்கும் பின்னாடி ஏத்துறதுதான் வழக்கம். நானும் ஏத்தினேன். வண்டி வந்த வருஷம் மார்கழியில ஒரு காரியத்துக்கு இருபத்திரெண்டு பேர். பொம்பளைங்க நடுவுல உட்கார, ஆம்பளைங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்க. நான்தான் ஓட்டினேன். ஒரு வளைவுல எல்லாரும் ஒரே பக்கம் சாய்ஞ்சாங்க. வண்டி அந்தப் பக்கம் இழுத்தது ஸ்டியரிங்ல தெரிஞ்சுது. மூட்டையை ஏத்தினா கயிறு போட்டுக் கட்டுறோம், அது அசையாது. ஆளைக் கட்ட முடியாது. நிக்கிற ஆளு கனமெல்லாம் மேல இருக்கு, வண்டி திரும்பும்போது அதுவும் சேர்ந்து சாயுது. அன்னிக்கு ஒண்ணும் ஆகல. சிரிச்சுக்கிட்டே இறங்கினாங்க.

நாலு மாசம் கழிச்சு, 2022 ஏப்ரல் 2, தெலுங்கு வருஷப் பிறப்பு. இதே ஜவ்வாது மலையில திருப்பத்தூர் பக்கம், புதூர்நாடு வட்டாரத்துல சேம்பரை கோயிலுக்குச் சாமி கும்பிடப் போன ஜனங்களை ஏத்தின சரக்கு வேன் பள்ளத்துல கவுந்துச்சு. பதினொரு பேர் செத்துப்போனாங்க. அதுல பொம்பளைங்களும் பொண்ணுப் பிள்ளைங்களும் நிறைய. மலையை மூணு மாவட்டமா பிரிச்சிருந்தாலும் சொந்தம் பிரியல. எங்க ஊர்லேர்ந்து ரெண்டு வீட்டுக்காரங்க அந்தப் பக்கம் கேதத்துக்குப் போனாங்க. நான் போகல. எனக்கு அந்த மார்கழி வளைவே கண்ணுல நின்னுச்சு.

அப்புறம் ஒரு வேலையா போளூர் கோர்ட்டுப் பக்கம் போனப்போ தெரிஞ்ச வக்கீல்கிட்ட கேட்டேன். அவர் விளக்கமா சொன்னார். சரக்கு வண்டியில சரக்கோட சொந்தக்காரர், இல்லனா அவர் அனுப்பின ஆள், சரக்கு கூட வந்தா இன்சூரன்ஸ் செல்லும். 1994-ல சட்டத்தைத் திருத்தி அதைச் சேர்த்தாங்க. சும்மா ஏறி வர்றவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்ல. 2002-ல ஆஷா ராணி வழக்குல உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பு சொல்லியிருக்கு. ஏதாவது ஆச்சுன்னா வண்டிக்காரன் தலையில வந்து விடியும். "உங்க நிலத்தை வித்தாலும் ஒரு உசுருக்குக் காணாதுங்க"ன்னார். எனக்கு நிலத்தைவிட, செத்தவங்க வீட்டுக்குக் கையில ஒண்ணும் வராதே, அதுதான் உறுத்துச்சு.

அன்னியோட பின்னாடி ஆள் ஏத்தறதில்லன்னு முடிவு பண்ணேன். ஊர்ல சொல்லியும் வச்சேன். முதல் சோதனை மச்சான் மக கல்யாணம். அந்த வைகாசியிலேயே வந்துச்சு. பொண்ணு வீட்டு ஆளுங்க நாப்பது பேர், மாப்பிள்ளை ஊர் பதினேழு கிலோமீட்டர். மச்சான் பிக்கப்பைக் கேட்டார். பாத்திரம், அரிசி, பந்தல் சாமான் ஏத்தறேன், ஆளை சுமோவுல நடை அடிக்கறேன்னேன். "நாலு நடை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சுடும்டா"ன்னார். ராத்திரியே ஆரம்பிச்சு நாலு நடை அடிச்சேன். முகூர்த்தத்துக்கு எல்லாரும் இருந்தாங்க, நான் மட்டும் வண்டியில தூங்கிட்டேன். தாலி கட்டினதைப் பார்க்கல. மச்சான் ரெண்டு பொங்கலுக்கு வீட்டுக்கு வரல. பெரிய மனுஷன் ஆயிட்டான்னு பேச்சு.

அந்த சுமோவைத்தான் இப்போ விக்கலாம்னு பையன் சொல்றான். பிக்கப் தவணை இந்த ஆவணியோட முடியுது. சுமோ காசைப் போட்டு, பிக்கப்பை மாத்தி, இதைவிட நீளமா 1.7 டன் வண்டி எடுக்கலாம்ங்கறான். தப்பான யோசனை இல்ல. பக்கத்து ஊர் சாமையெல்லாம் சேர்த்து இறக்கலாம்.

நான் கேட்டது ஒண்ணுதான். "ஆளுங்க?"

"பஸ் வருதுல்ல. 108 இப்போ வீட்டு வாசலுக்கே வருது. ரோடு போட்டாச்சு. அவசரம்னா ஆட்டோ இருக்கு."

இதுவும் உண்மை. ஆனா போன கார்த்திகையில நான் வேலூர்ல மக வீட்டுல இருந்தப்போ, சாமை அறுப்புக்குப் பதினாலு ஆளை இவன் பிக்கப்புல பின்னாடி ஏத்திட்டு வந்திருக்கான். சுமோவுல பேட்டரி இறங்கியிருந்துச்சாம். எனக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அதுவும் கூலிக்கு வந்த அம்மாவே சொல்லி. சண்டை பெருசாச்சு. அப்போதான் அவன் கேட்டான்: "நீ மட்டும் சுமோவுல பதினஞ்சு பேரை ஏத்தலயா? பின்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு ரெண்டு பேர் தொங்கிட்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. அதுக்கு எந்தச் சட்டம் ஒத்துக்குச்சு?"

பதில் சொல்ல முடியல. ஏத்தியிருக்கேன். பத்து பேர் வண்டியில பதினஞ்சு பேர் ஏறினாலும் தலைக்கு மேல கூரை இருக்கு, உட்கார்ந்து வர்றாங்கன்னு சொன்னேன். அது சமாதானம்தான், நியாயமில்ல. அவனும் விடல, நானும் விடல.

இந்தப் பிரச்சனை எங்க மலைக்கு மட்டும் உண்டானதில்லன்னு சமீபத்துல படிச்சேன். ஆஸ்திரேலியாவுல 1930-கள்ல ஒரு விவசாயியோட சம்சாரம் ஃபோர்டு கம்பெனிக்குக் கடுதாசி எழுதினாங்களாம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு நனையாம போகணும், திங்கக்கிழமை பன்னியைச் சந்தைக்கு ஏத்தணும், ரெண்டுக்கும் ஒரே வண்டி செஞ்சு கொடுங்கன்னு. லூயிஸ் பாண்ட்னு ஒரு இளவயசுக்காரர் வரைஞ்சு கொடுத்து, 1934-ல முன்னாடி காரு மாதிரி, பின்னாடி தொட்டி வச்ச வண்டி வந்துச்சு. அங்க அதுக்கு யூட்னு பேரு. எழுதினது அந்தம்மாங்கறதுதான் எனக்குப் பிடிச்சது. வண்டியில எங்க உட்கார்றோம்ங்கற கவலை பொம்பளைங்களுக்குத்தான்.

பையன்கிட்ட இதைச் சொன்னேன். உடனே, "அப்போ கேம்பர் எடுக்கலாம்"ன்னான். பொலேரோ கேம்பர், ரெண்டு வரிசை சீட்டு, அஞ்சு பேர், பின்னாடி ஒரு டன். ரெண்டு நாள் ஆசையா பேசினோம். ஆனா அறுப்புக்கு வர்ற ஆளு பதினாலு, சீட்டு அஞ்சு. லோடும் இப்போ இருக்கிறதைவிடக் குறைச்சல். விலையும் கூட. ரெண்டும் அரைகுறையா இருக்கும்னு அவனே விட்டுட்டான்.

கடைசியில வழக்கை முடிச்சது சம்சாரம். அவ இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. போன வாரம் ராத்திரி பையன் மறுபடி செங்கத்துக்காரர் போன் பண்ணதைச் சொன்னான். அவ குழம்பு ஊத்திக்கிட்டே, "வித்துக்கோ. அப்புறம் உன் அத்தை வீட்டுக் கும்பாபிஷேகத்துக்கு நான் பின்னாடி மூட்டையாட்டம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன். முன்னாடி சீட்டுல நான் உட்கார்ந்தா உன் பொண்டாட்டி எங்க உட்காருவா, குழந்தையோட?"ன்னா. மருமக வேகமா சமையல் ரூமுக்குள்ள போயிட்டா. சிரிப்பு கேட்டுச்சு.

பையன் தட்டைப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் இருந்தான். அப்புறம், "வெல்டிங் காசு யாரு தர்றது?"ன்னான். புளிக் காசுலேர்ந்து நான் பாதி, அவன் பாதி. அவன் ஒரு நிபந்தனை போட்டான்: சுமோவுல இனி பத்து பேருக்கு மேல ஏத்தக்கூடாது, நானும்தான். சரின்னுட்டேன். பதினாலு ஆளுக்கு ரெண்டு நடை அடிக்கணும், காலையில ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்திரிக்கணும், அவ்ளோதானே. 1.7 டன் வண்டி அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

திங்கக்கிழமை அவனே சுமோவை போளூருக்கு ஓட்டிட்டுப் போனான். போற வழியில ஹாஸ்டல் பிள்ளைங்க ஆறு பேரை இறக்கிட்டுப் போயிருக்கான். அடித்தளம் வெட்டி எடுத்தாச்சாம், வெள்ளிக்கிழமை முடியும்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் ஊர்ல யாராவது கீழ போகணும்னா காலை பஸ்ஸைப் பிடிங்க. பிக்கப் நாளைக்கு ஆறு மணிக்குக் கிளம்புது, முன்னாடி ஒரு ஆளுக்கு இடம் இருக்கு.